கேட்டு முடித்த பின் வரைதல்: இசை, தியானம், அரூப ஓவியம்

இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே வரைவது சுலபம். கை தாளத்தோடு ஆடும், வண்ணம் தெறிக்கும், அரை மணி நேரத்தில் தாள் நிறைந்துவிடும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் நேற்று நமக்கிருந்த உற்சாகம் மட்டும் அதில் காய்ந்து கிடக்கும். கேட்ட இசை இருக்காது. ஆகவே இந்த அத்தியாயத்தில் நாம் கைக்கொள்ளும் வரிசை இது: முதலில் அமர்வது, பிறகு கேட்பது, இசை நின்றதும் மௌனமாக இருப்பது, கடைசியில் வரைவது. இதில் முதல் படிக்கும் மூன்றாம் படிக்கும் பௌத்தத் தியானம் துணை வரும். இசைக்கு இரண்டாம் படியில் மட்டுமே இடம். நான்காவது படிக்கு வரும்போது ஒலிபெருக்கி அணைந்திருக்க வேண்டும்.

இந்த வரிசையை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. இசையால் அரூபத்துக்கு வந்த ஓவியர்களும் தியானத்தால் அரூபத்துக்கு வந்த ஓவியர்களும் தங்கள் நல்ல படங்களை நெடுநேரக் காத்திருப்புக்குப் பிறகே செய்திருக்கிறார்கள். பயிற்சிக்குள் போகுமுன் அவர்கள் வேலை செய்த முறையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

முன்னோடிகள்

1911 ஜனவரி 2 அன்று மூனிக் நகரில் ஆர்னால்ட் ஷோன்பெர்கின் இசை நிகழ்ச்சி ஒன்று நடந்தது. வசீலி காண்டின்ஸ்கி தன் ஓவிய நண்பர்களோடு போய்க் கேட்டார். அந்த மாலையை வைத்து அவர் போட்ட முன்வரைவுகளில் பியானோவும் கேட்பவர்களும் அடையாளம் தெரிகிறார்கள். அதே மாதம் வரைந்த 'இம்ப்ரெஷன் 3' என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தில் பியானோ ஒரு கரும் பாளமாகிவிட்டது. ஒரு பெரிய மஞ்சள் பெருக்கெடுத்துப் படத்தை ஆக்கிரமித்துக்கொண்டது. அந்தப் படம் இன்று மூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மஞ்சள் எக்காளத்தின் ஒலி, அடர்நீலம் செல்லோவின் ஒலி என்றெல்லாம் காண்டின்ஸ்கி எழுதியிருக்கிறார். அதை அப்படியே அட்டவணையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரஷ்ய இசைமேதைகளான ஸ்க்ரியாபினும் ரிம்ஸ்கி-கோர்சகோவும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள். ஸி மேஜர் என்ற மேற்கத்தியச் சுரவரிசை முன்னவருக்குச் சிவப்பு, பின்னவருக்கு வெள்ளை. ஒலிக்கும் நிறத்துக்கும் உலகப் பொதுவான கணக்கு எதுவும் கிடையாது. உங்கள் காதும் கண்ணும் சேர்ந்து உண்டாக்கும் கணக்கு உங்களுக்கு மட்டுமே செல்லும். காண்டின்ஸ்கியிடம் கற்க வேண்டியது அவருடைய பொறுமையை. 1913இல் அவர் செய்த 'காம்பொசிஷன் 7' முப்பதுக்கும் மேற்பட்ட முன்வரைவுகளுக்குப் பிறகு, நவம்பர் 25 முதல் 28 வரையான நான்கே நாட்களில் கித்தானில் ஏறியது. கை வேகமாகப் போனது உண்மை. அதற்கு முன் மனம் எவ்வளவு காலம் மெதுவாகப் போயிற்று என்பதை அந்த முன்வரைவுகள் சொல்கின்றன.

பால் க்ளே இசைக்குடும்பத்தில் பிறந்தவர், தேர்ந்த வயலின் கலைஞர். பௌஹௌஸ் பள்ளியில் பாடம் நடத்தும்போது இசையமைப்பாளர் பாகின் இசையில் சில அளவைகளை எடுத்துக் கட்டம் போட்ட தாளில் கோடுகளாக மாற்றிக் காட்டினார். அந்த முறையைச் சற்றுப் பிறகு பயன்படுத்தப்போகிறோம்.

இன்னொரு பக்கம் பௌத்தம். 1950களில் ஜப்பானிய அறிஞர் டி.டி. சுசூகி நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜென் பற்றி உரையாற்றியபோது கேட்டவர்களில் இசையமைப்பாளர் ஜான் கேஜ் ஒருவர். ஒரு சுரமும் வாசிக்காமல் அரங்கின் ஒலிகளையே இசையாகக் கேட்க வைக்கும் '4'33"' என்ற படைப்பை 1952இல் அரங்கேற்றியவர் அவர். அதற்குத் தூண்டுகோலாக அவர் குறிப்பிட்டது ஓர் ஓவிய வரிசையை: ராபர்ட் ரௌஷன்பெர்க் முந்தைய ஆண்டு செய்த வெறும் வெள்ளைக் கித்தான்கள். பின்னாளில் கேஜே படம் வரையத் தொடங்கினார். கியோட்டோவின் ரியோஆன்ஜி கோயிலில் வெண்சரளைப் பரப்பில் 15 கற்கள் வைத்த தோட்டம் ஒன்று உண்டு. அதை மனத்தில் வைத்து, கற்களைத் தாளில் வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடிழுத்தார். எந்தக் கல், எந்தப் பென்சில், தாளில் எந்த இடம் என்பதையெல்லாம் தன் விருப்பத்துக்கு விடாமல் சீன நூலான ஈ சிங் வழியாகக் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தார். விருப்பு வெறுப்பைக் கையிலிருந்து கழற்றி வைப்பதுதான் அவருக்கு ஜென்.

ஆக்னஸ் மார்ட்டின் ஆறடிச் சதுரக் கித்தான்களில் பென்சில் கோடுகளைக் கட்டங்களாக இழுத்தவர். எல்லாக் கலைகளிலும் இசையே உயர்ந்தது என்று எண்ணியவர். நாற்காலியில் அமர்ந்து, ஒரு படம் தபால்தலை அளவில் மனத்தில் தோன்றும்வரை காத்திருப்பார். தோன்றியதும் அதைக் கித்தான் அளவுக்குப் பெருக்கிக் கணக்குப் போடுவார். பிறகுதான் வண்ணம்.

இசை, ஜென், அரூபம் மூன்றும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்த இடம் என்று நான் கருதுவது வி.எஸ். கைதொண்டே. 1924இல் நாக்பூரில் பிறந்து, பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்து, 1972இல் டெல்லிக்குக் குடிபெயர்ந்து, 2001இல் அங்கேயே மறைந்தவர். தொடக்கத்தில் க்ளேயின் பாதிப்பு தெரியும் சிறு படங்கள் செய்தார். இந்துஸ்தானி இசையிலும் மேற்கத்தியச் செவ்வியல் இசையிலும் ஆழ்ந்த கேள்வியறிவு உள்ளவர். 1950களின் இறுதியில் ஜென் நூல்கள் அவரைப் பற்றிக்கொண்டன. ரமண மகரிஷி, ஜே. கிருஷ்ணமூர்த்தி, நிசர்கதத்த மகராஜ் ஆகியோரின் போதனைகளிலும் தோய்ந்தவர். ஓர் ஆண்டில் அவர் முடித்த கித்தான்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மீதி நேரமெல்லாம் பார்ப்பது, கேட்பது, யோசிப்பது. தூரிகையை ஒதுக்கி ரோலராலும் வண்ணக் கத்தியாலும் மெல்லிய அடுக்குகளாக எண்ணெய் வண்ணத்தை ஏற்றுவார். கிழித்த பத்திரிகைத் தாளை ஈர வண்ணத்தின்மேல் ஒத்தி உரித்து, அடியிலுள்ள அடுக்கைச் சில இடங்களில் வெளியே கொண்டுவருவார். தம்புராவின் சுருதிமேல் ஒரு சுரம் எழுந்து அடங்குவதுபோல அந்த வடிவங்கள் நிறத்துக்குள்ளிருந்து எழுகின்றன. இந்த அத்தியாயத்தின் கடைசிப் பயிற்சி அவரிடமிருந்து வருகிறது.

அமர்வது

இருபது நிமிடம் போதும். தரையில் திண்டு போட்டோ நாற்காலியிலோ முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். ஜென் மரபில் கண்ணை மூடுவதில்லை. பாதி திறந்து, பார்வையை மூன்று நான்கு அடி தள்ளித் தரையில் விடுவார்கள். ஓவியருக்கு இந்த முறையையே பரிந்துரைப்பேன், கண் விழித்திருக்கும்போதே எதையும் பிடிக்காமல் இருக்கப் பழகுகிறது. மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுங்கள். எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்று. அவ்வளவுதான். தேரவாத மரபில் ஆனாபானசதி பழகியவர்கள் எண்ணாமலே மூக்கு நுனியில் மூச்சைக் கவனிக்கலாம்.

அமரும்போது படத்தைப் பற்றி யோசனை வரும், நல்ல யோசனையாகவும் இருக்கும். எழுந்து குறித்துவைக்காதீர்கள். உண்மையிலேயே நல்லதென்றால் திரும்ப வரும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தியானம் படத்துக்கான கருவி அன்று. வரையாத நாட்களிலும் அமருங்கள். பௌத்தத்துக்கும் இசைக்கும் உள்ள உறவும் எளிதானதன்று: எட்டுச் சீலம் எடுப்பவர்கள் அந்த நாளில் பாட்டு, ஆட்டம், வாத்தியம் மூன்றையும் தவிர்க்கிறார்கள். பத்து நாள் விபாசனா தியான முகாம்களில் இசைக்கும் எழுத்துக்கும் வரைவதற்கும் இடமில்லை. அப்படிப்பட்ட முகாமுக்குப் போகிறவர்கள் வரைவேட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அங்குள்ள ஒழுங்கு காரணத்தோடு ஏற்பட்டது. மறுபுறம் புத்தரே வீணைத் தந்தியைக் காட்டித் தியானம் சொல்லிக்கொடுத்த கதை பாலி நூல்களில் உண்டு. அளவுக்கு மீறிய முயற்சியால் சோர்ந்துபோன சோணர் என்ற பிக்கு முன்பு வீணை வாசித்தவர். தந்தி இறுகினாலும் தளர்ந்தாலும் நாதம் வராது என்று அவருக்கு அவர் அறிந்த கலையிலிருந்தே புத்தர் விளக்கினார். தூரிகை பிடிக்கும் கைக்கும் இது அப்படியே பொருந்தும்.

கேட்பது

சொல் இல்லாத இசையைத் தேர்ந்தெடுங்கள். திரைப்பாடல் வேண்டாம்; எவ்வளவு நல்ல பாட்டானாலும் அது தன் காட்சியைக் கூடவே இழுத்து வரும். என் முதல் பரிந்துரை ஜப்பானிய மூங்கில் குழலான ஷாகுஹாச்சி. ஃபூக்கே என்ற ஜென் பிரிவின் துறவிகள் தலையைக் கூடை போன்ற தொப்பியால் மறைத்துக்கொண்டு ஊர் ஊராக இதை ஊதிச் சென்றார்கள். ஊதுவதே அவர்களுக்குத் தியானம். 1871இல் ஜப்பானிய அரசு அந்தப் பிரிவைக் கலைத்துவிட்டது, இசை மட்டும் பிழைத்துக்கொண்டது. ஹொன்க்யோக்கு எனப்படும் அந்த உருப்படிகளில் தாளக்கட்டு கிடையாது. ஒரு சொற்றொடர் ஒரு மூச்சு நீளம், பிறகு இடைவெளி, பிறகு அடுத்த மூச்சு. முந்தைய படியில் மூச்சை எண்ணிவிட்டு வந்தவருக்கு இதைவிட இசைவானது கிடையாது. அடுத்தபடியாகத் துருபத் ஆலாப். சட்ஜத்திலிருந்து ஒவ்வொரு சுரமாகத் திறந்து விரிவதால் கட்டமைப்பு காதுக்குத் தெளிவாகத் தெரியும். கர்நாடக இசையில் சௌக்கமான ஆலாபனை எதுவும் சரி, கார்வைகள் நீளமாக இருந்தால் இன்னும் நல்லது.

பத்து நிமிடப் பகுதி ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை கையில் எதுவும் வேண்டாம். கேட்கும்போது மனத்தில் இன்பம், துன்பம், இரண்டுமில்லாதது என்று மூன்றில் ஒன்று எழும். பௌத்தம் இதை வேதனை என்ற சொல்லால் குறிக்கிறது, நம் பேச்சுவழக்கின் வேதனையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எந்த இடத்தில் எது எழுகிறது என்று பார்த்துக்கொண்டு விட்டுவிடுங்கள். பிடித்த இடத்தை மட்டும் வரைய மனம் துடிக்கும். அந்த ஆசையைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் பிடித்த இடம் அப்படி ஒலிப்பதே அதற்கு முன்னாலிருந்த சாதாரண இடத்தால்தான்.

இரண்டாம் முறை க்ளேயின் முறை. ஒரு தாளை நெடுக்கில் இல்லாமல் கிடையாக வையுங்கள். இடமிருந்து வலம் காலம், கீழிருந்து மேல் சுரத்தின் உயரம், கோட்டின் தடிமன் ஒலியின் வலிமை. இசையோடு சேர்ந்து ஒரே கோடாகப் பென்சிலை நகர்த்துங்கள். இசை நிற்குமிடத்தில் பென்சிலைத் தூக்கி, மறுபடி தொடங்கும்வரை தாளின்மேல் காற்றிலேயே நகர்த்துங்கள். இடைவெளியின் அகலம் சரியாக விழ வேண்டும். பழகாத கை எப்போதும் இடைவெளியைக் குறுக்கிவிடும். இது ஓவியம் அன்று, வரைபடம். இதிலிருந்து நமக்குத் தேவை நிறைந்த இடத்துக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள விகிதம். அந்த விகிதத்தை ஒரு வரியில் ஓரத்தில் எழுதிவையுங்கள்: 'ஒரு பங்கு ஒலி, இரண்டு பங்கு மௌனம்' என்பதுபோல.

பிறகு இசையை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருங்கள். மின்விசிறி, தெரு, பக்கத்து வீட்டுக் குக்கர் எல்லாம் கேட்கும். கேட்கட்டும். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிக்கிறார்கள், இதைத் தாண்டினால் அத்தியாயத்தையே தாண்டியது போல. இசையின் அலங்காரங்கள் இந்த நேரத்தில் உதிர்ந்து, அதன் எலும்புக்கூடு மட்டும் தங்கும். அதுதான் வரைவதற்குரியது.

வரைவது

தேவையானவை: 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் (22×30 அங்குல முழுத்தாளை நான்காக வெட்டினால் பழகச் சரியான அளவு), மாஸ்கிங் டேப், கறுப்பு இந்தியன் இங்க், இரண்டங்குலத் தட்டைத் தூரிகை, ஒரு ரப்பர் ரோலர், மூன்று அக்ரிலிக் வண்ணங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம்.

முதல் பயிற்சி மூச்சுக்கோடு. மூச்சை உள்ளிழுக்கும்போது தூரிகையை மையில் தோயுங்கள். வெளிவிடும்போது இடமிருந்து வலமாக ஒரு கோடு. மூச்சு முடியும் இடத்தில் கோடும் முடிய வேண்டும், தாளின் நடுவில் நின்றாலும் சரி. அடுத்த ஒரு மூச்சுக்கு எதுவும் செய்யாமல் இருந்து, அதற்குப் பிறகு அடுத்த கோடு. தாள் நிறையும்வரை இப்படியே. திருத்தக் கூடாது, ஒரே கோட்டின்மேல் இரண்டாம் முறை போகக் கூடாது. ஜென் துறவிகள் ஒரே வீச்சில் போடும் என்சோ வட்டத்துக்கும் இதுவே விதி. 18ஆம் நூற்றாண்டின் ஹகுயினும் அவருக்குப் பின் வந்த செங்காயியும் இப்படி வரைந்த மைப்படங்களைப் பார்த்தால், மை எங்கே தடித்தது, எங்கே வறண்டு பிரிந்தது என்பதெல்லாம் மறைக்கப்படாமல் அப்படியே இருக்கும். இந்தப் பயிற்சியை இரண்டு வாரம் செய்யாமல் வண்ணத்துக்குப் போக வேண்டாம்.

இரண்டாவது, அடுக்கு. க்ளே 1921இல் செய்த 'சிவப்பில் ஒரு ஃபியூக்' என்ற நீர்வண்ணப் படத்தில் ஒவ்வொரு வடிவமும் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் படிப்படியாகத் திரும்பத் திரும்ப வருகிறது, ஃபியூக் இசையில் ஒரே கருப்பொருள் குரலுக்குக் குரல் மாறி நுழைவதைப் போல. செய்முறை எளிது. ஒரு வண்ணத்தை நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, வரிசையாக உள்ள ஐந்து வடிவங்கள்மேலும் பூசுங்கள். நன்றாகக் காய்ந்ததும் முதல் வடிவத்தை விட்டுவிட்டு மற்ற நான்கின்மேல் அதே கலவை. மறுபடி காய்ந்ததும் மூன்றின்மேல். கடைசி வடிவம் ஐந்து பூச்சு வாங்கியிருக்கும். காயாத அடுக்கின்மேல் பூசினால் எல்லாம் சேறாகிவிடும், ஆகவே ஒவ்வொரு முறையும் புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தட்டினால் இன்னும் ஈரம்.

விருப்பம் மிகவும் தொந்தரவு செய்யும் நாட்களில் கேஜின் வழி: ஆறு கூழாங்கற்களுக்கு எண் கொடுங்கள், தாளை ஆறு கட்டமாகப் பிரியுங்கள், ஆறு பக்கப் பகடையை இரண்டு முறை உருட்டிக் கல்லையும் கட்டத்தையும் முடிவு செய்து, கல்லைச் சுற்றிக் கோடிழுங்கள். வெற்றிடம் எங்கே விழும் என்பது உங்கள் கையில் இராது.

மூன்றாவது, கைதொண்டேயின் உரித்தெடுப்பு. கித்தானிலோ கெட்டித் தாளிலோ வெளிர்நிற அடுக்கு ஒன்றைப் பூசி முழுதும் காயவிடுங்கள். அடர்ந்த வண்ணத்தை ரோலரால் மெல்லியதாக அதன்மேல் உருட்டுங்கள். ஈரமாக இருக்கும்போதே, அச்சில்லாத செய்தித்தாளைக் கையால் கிழித்து (கத்தரி வேண்டாம், விளிம்பு கூர்மையாகிவிடும்) மேலே வைத்து, உள்ளங்கையால் அழுத்தி உரித்தெடுங்கள். அடியடுக்கு அந்த வடிவில் மங்கலாக வெளிப்படும். எங்கே உரிப்பது என்பதற்குத்தான் ஓரத்தில் எழுதிவைத்த விகிதம்: ஒலி ஒரு பங்கென்றால் உரித்த இடமும் ஒரு பங்கு. நம் வெயிலில் அக்ரிலிக் சில நிமிடங்களில் காய்ந்துவிடும் என்பதால் மின்விசிறியை நிறுத்துங்கள், வண்ணத்தில் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். எண்ணெய் வண்ணத்தில் இந்த அவசரம் இல்லை, ஆனால் அடுத்த அடுக்குக்குப் பல நாள் காத்திருக்க வேண்டும், டர்பன்டைன் வாசனைக்குச் சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். மேலே போகப்போக எண்ணெயின் அளவு கூட வேண்டும் என்ற பழைய விதியை மீறாதீர்கள், மீறினால் மேலடுக்கு வெடிக்கும். நான்கைந்து அடுக்குகளில் இதைத் திரும்பச் செய்தால் ஒற்றை நிறம்போலத் தெரிவதற்குள் ஆழம் உண்டாகும்.

நிறுத்துவது

ஒவ்வொரு அடுக்குக்குப் பிறகும் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, ஆறடி தள்ளி அமர்ந்து, தொடக்கத்தில் மூச்சை எண்ணியதுபோல எண்ணுங்கள். பத்து வருவதற்குள் கண் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப ஓடினால் அந்த இடம் கூடுதலாகக் கத்துகிறது. அதன்மேல் ஒரு மெல்லிய அடுக்கு போடலாம். கண் எங்கும் தங்காமல் உலவினால் நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நன்றாக இருக்குமே என்று எல்லாப் படங்களிலும் தோன்றும், அதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். பின்புறம் தேதியையும் கேட்ட இசையையும் எழுதுங்கள். முன்புறம் தலைப்பு எதுவும் வேண்டாம், ராகத்தின் பெயர்கூட. பெயரைப் படித்தவர் அந்த ராகத்தைத் தேடத் தொடங்கிவிடுவார், படத்தைப் பார்க்க மாட்டார்.

இவ்வளவும் படித்துவிட்டுக் கைபேசித் திரையில் கைதொண்டேயைத் தேடுவீர்கள். தேடுங்கள், ஆனால் திரையில் அடுக்குகள் தெரியாது. எல்லாம் ஒரே தட்டையான பச்சையாகவோ சாம்பலாகவோ காட்டும். டெல்லியில் தேசிய நவீனக் கலைக்கூடத்திடமும், மும்பையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்திலுள்ள ஜஹாங்கீர் நிக்கல்சன் சேகரிப்பிலும் அவருடைய மூல ஓவியங்கள் இருக்கின்றன. காட்சியில் இருப்பவை மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே முன்கூட்டி விசாரித்துவிட்டுப் போங்கள். போனால் கூடம் கூடமாகச் சுற்ற வேண்டாம். அவருடைய ஒரே ஒரு படத்தின் முன் அரை மணி நேரம் செலவிடுங்கள்.